பூட்டிய கடலும் திறந்த அரிசி மூட்டையும்!

'ஜாவா'ன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கம்ப்யூட்டர் சயின்ஸ் பார்ட்டிகளுக்கு அரியர் வெச்ச பேப்பர் ஞாபகம் வரலாம். பைக் பைத்தியங்களுக்கு, ஸ்பெல்லிங் கொஞ்சம் மாறி, தாத்தா காலத்து 'டுபுடுபு' வண்டி ஞாபகம் வரலாம். ஆனா, 1946-ல் தினமும் பேப்பர் படிக்கிற ஒரு தாத்தாகிட்ட போய் 'ஜாவா'ன்னு சொல்லியிருந்தா, அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்...

''ஏம்ப்பா, அங்கேருந்து அரிசி வருதாமே... நிஜமா?''

ஆமாம் ஃப்ரெண்ட்ஸ்! அந்த வருஷம் தென்னிந்தியாவில் மழை பொய்த்து, ரேஷன் அளவு குறைந்து, மறுபடியும் பஞ்சம் வந்துடுமோ என்று நாடே நடுங்கிக்கொண்டு இருந்தது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கான பேர் பட்டினியால் செத்த காட்சி யாருக்கும் மறக்கவில்லை. அப்போது, 'நாங்க 5 லட்சம் டன் அரிசி தர்றோம்' என்று ஒரு குரல் வந்தது. தலைக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ வீதம் கணக்குப் போட்டுப் பாருங்க... 27 லட்சம் பேருக்கு ஒரு வருஷ சாப்பாடு!

இதில் ஆச்சர்யம் என்னன்னா, அரிசி தர்றேன்னு சொன்னது ஒரு பணக்கார நாடு இல்லை. பிறந்து எட்டே மாசம் ஆன, உலகத்தில் பெரும்பாலானவர்கள் 'நாடு' என்றே ஒப்புக்கொள்ளாத இந்தோனேசியக் குடியரசு. வாங்கிக்கப்போற இந்தியாவும் அப்போ சுதந்திர நாடு இல்லை. நடுவில் இருந்த கடலையோ டச்சுக் கடற்படை பூட்டு போட்டு வைத்திருந்தது.

அந்தப் பூட்டை யார் யாரெல்லாம் சேர்ந்து திறந்தாங்க என்பதுதான் இந்த வார மேட்டர்!

கடலுக்குப் பூட்டு!

கதையை 1945 ஆகஸ்ட்டில் இருந்து ஆரம்பிக்கலாம். இன்றைய இந்தோனேசியா அப்போது 'டச்சுக் கிழக்கிந்தியா'. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அதைப் பிடித்து வைத்திருந்தது. ஜப்பான் சரணடைந்த ரெண்டாவது நாளே, அதாவது ஆகஸ்ட் 17-ம் தேதி, ஜகார்த்தாவில் சுகார்னோவும் ஹட்டாவும் 'நாங்க இனி சுதந்திர நாடு' என்று அறிவித்துவிட்டார்கள். நெதர்லாந்து சும்மா இருக்குமா? முந்நூறு வருஷத்துக்கும் மேலாக லாபம் பார்த்த இடமாச்சே! 'எங்க வீட்டுச் சாவி எங்கே?' என்று திரும்பி வந்தார்கள் டச்சுக்காரர்கள்.

ஆனா, உலகப் போர் முடிந்த கையோடு அவர்களிடம் போதுமான ராணுவம் இல்லை. கப்பல்கள் இருந்தன. அதனால் கையில் எடுத்த ஆயுதம்தான் கடல் முற்றுகை. குடியரசின் கையில் இருக்கும் துறைமுகங்களுக்கு எந்தக் கப்பல் போனாலும், வந்தாலும் நடுக்கடலில் மறி, சோதனை போடு, சரக்கைப் பறி!

டச்சுத் தரப்புக்கும் ஒரு வாதம் இருந்தது. 'ரப்பர், சர்க்கரை, தேயிலை, சின்கோனா எல்லாம் எங்க எஸ்டேட்களிலும், மற்ற வெளிநாட்டுக்காரர்களின் எஸ்டேட்களிலும் விளைந்தது. அதை இவங்க எடுத்து விற்றால் திருட்டுச் சரக்கு. தவிர, விற்ற காசில் துப்பாக்கி வாங்குவாங்க' என்றார்கள். இந்தோனேசியத் தரப்போ, 'எங்க மண்ணு, எங்க உழைப்பு. அதை விற்க உங்ககிட்ட ஏன் பர்மிஷன் கேட்கணும்?' என்றது. போருக்கு முன்பு உலகத்துக்குத் தேவையான கொயினா மருந்தில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவின் சின்கோனா மரப்பட்டையில் இருந்துதான் வந்தது என்றால், பணயத்தில் இருந்த தொகை எவ்வளவு பெருசுன்னு புரிஞ்சுக்கலாம்.

இந்தச் சண்டையில் நசுங்கியது யார்? சாதாரண ஜனங்கள். ஜப்பான்காரன் காலத்திலேயே துணி வரத்து நின்றுபோய், கோணிச் சாக்கையும் ரப்பர் ஷீட்டையும் உடம்பில் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள் ஜாவா கிராமத்து மக்கள். போர் முடிந்தால் விடியும் என்று பார்த்தால், கடலையே பூட்டிவிட்டார்கள். துணி இல்லை, மருந்து இல்லை, மெஷின்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை.

'குட்டி அண்ணன்' போட்ட தூண்டில்

இங்கேதான் என்ட்ரி கொடுக்கிறார் சுதான் ஷாரிர். 1945 நவம்பரில் குடியரசின் முதல் பிரதமர் ஆனபோது அவருக்கு வயது 36. ஆள் குள்ளம். அதனால் 'புங் கெச்சில்', அதாவது 'குட்டி அண்ணன்' என்று செல்லப் பெயர். நெதர்லாந்தின் லெய்டனில் சட்டம் படிக்கப் போனவர். திரும்பி வந்து அரசியலில் குதித்ததும் டச்சு அரசு பிடித்து, காட்டுக்குள் இருந்த போவன் டிகூல் முகாமுக்கும், பிறகு பண்டா தீவுக்கும் நாடு கடத்தியது. வாலிபத்தில் பாதியை அங்கேயே தொலைத்தவர். கையில் பெரிய படை இல்லை. மூளை இருந்தது.

1946 ஏப்ரலில் அவர் வெளியிட்ட அறிவிப்புதான் நாம் பார்த்த அந்த 5 லட்சம் டன் அரிசி. பதிலுக்குக் கேட்டது பணம் இல்லை. துணிமணி, விவசாயக் கருவிகள்!

'ஜாவாவிலேயே ஜனங்க அரைவயிறு சாப்பிடறாங்க. இவர் எங்கேருந்து கொடுப்பார்? சும்மா ஸ்டன்ட்' என்று சிரித்தார்கள் டச்சு அதிகாரிகள். ஆனா, இந்தத் தூண்டிலில் மாட்டினது யாருன்னு பாருங்க... பிரிட்டன்!

அப்போது ஜாவாவில் ஜப்பானியர்களை நிராயுதபாணி ஆக்கும் பொறுப்பு பிரிட்டிஷ் படையிடம் இருந்தது. டச்சுக்காரர்களின் கூட்டாளி பிரிட்டன். அதே சமயம், பசியில் இருந்த இந்தியாவை ஆண்டதும் பிரிட்டன். 'அரிசி வேண்டாம்' என்று சொன்னால் இந்தியா கொந்தளிக்கும். 'வேண்டும்' என்று சொன்னால், குடியரசோடு உட்கார்ந்து பேசியாகணும், ஒப்பந்தம் போடணும். ஒருத்தரோட ஒப்பந்தம் போட்டுட்டு, 'அப்படி ஒரு ஆளே இல்லை'ன்னு எப்படிச் சொல்ல முடியும்?

அதுதான் நடந்தது. இந்திய அரசின் பிரதிநிதி ஜாவாவுக்குப் போனார். ஒப்பந்தம் கையெழுத்தானது. 1946 ஆகஸ்ட்டில் கிழக்கு ஜாவாவின் புரோபோலிங்கோ துறைமுகத்தில் இருந்து முதல் அரிசிக் கப்பல் கிளம்பியது. உண்மையைச் சொல்லணும்னா, வாக்களித்த அளவு அரிசி வந்து சேரவே இல்லை. ஜாவாவில் ரயில் பாதைகள் நொறுங்கிக் கிடந்தன, முற்றுகையும் சண்டையும் குறுக்கே வந்தன. ஆனா, அந்த மூட்டைகளோடு சேர்த்து கண்ணுக்குத் தெரியாத ஒரு சரக்கும் ஏறியது. 'நாங்க ஒரு அரசு. வெளிநாட்டோடு வியாபாரம் பண்றோம்' என்கிற அந்தஸ்து!

முற்றுகை என்பதன் உண்மையான நோக்கமே அதைத் தடுக்கிறதுதான். சரக்கை நிறுத்துவது பாதி வேலை. 'உன்னை யாரும் நாடா மதிக்கக் கூடாது' என்பது மீதி வேலை. ஷாரிர் அந்த ரெண்டாவது பாதியில் ஓட்டை போட்டார்.

'வண்டியை நிறுத்து!' - மாலுமிகள் ஸ்ட்ரைக்

'அரசாங்கம் பேசினால்தான் ராஜதந்திரமா?' என்று கேட்டால், இல்லை. ஷாரிர் அரிசி பற்றி வாயைத் திறப்பதற்கு ஏழு மாசம் முன்பே இன்னொரு கூட்டம் களத்தில் இறங்கியிருந்தது. அதுவும் ஆஸ்திரேலியாவில்!

போரின்போது டச்சு நிர்வாகம் ஆஸ்திரேலியாவுக்குத் தப்பி வந்து உட்கார்ந்திருந்தது. 1945 செப்டம்பரில் பிரிஸ்பேன், சிட்னி துறைமுகங்களில் படை, ஆயுதம், சரக்கோடு ஜாவா கிளம்பத் தயாராக நின்றன டச்சுக் கப்பல்கள். முதலில் இந்தோனேசிய மாலுமிகள் இறங்கி நடந்தார்கள். 'நாங்க மூட்டை ஏற்ற மாட்டோம்' என்றார்கள் ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள். 'சரி, இந்திய மாலுமிகளை வெச்சு ஓட்டலாம்' என்று பார்த்தால், அவர்களும் கையை விரித்துவிட்டார்கள். சிட்னியில் இருந்து கிளம்பிப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பலை, சின்ன மோட்டார் படகில் துரத்திப் போய், ஸ்பீக்கரில் 'திரும்பி வாங்க தோழர்களே' என்று கத்தி, உள்ளே இருந்த இந்திய மாலுமிகளை எஞ்சினை நிறுத்த வைத்த கதையெல்லாம் உண்டு. இதையெல்லாம் ஒரு டச்சு இயக்குநரே படமாக எடுத்தார் என்பது ட்விஸ்ட்! ஜோரிஸ் இவென்ஸ் எடுத்த 'இந்தோனேசியா காலிங்' என்ற அந்த டாக்குமென்டரி 1946-ல் வெளியானது.

சின்னதும் பெரியதுமாக 500-க்கும் மேற்பட்ட கப்பல்களும் படகுகளும் இந்தப் புறக்கணிப்பில் சிக்கின. முற்றுகை போட வந்தவர்களுக்கே முற்றுகை! அந்த இந்திய மாலுமிகள் யாரும் அடுத்த வேளைச் சம்பளம் நிச்சயமானவர்கள் இல்லை. ஊருக்குத் திரும்பவே கப்பல் கம்பெனியை நம்பி இருந்தவர்கள். அதே மாதங்களில், பிரிட்டிஷ் ராணுவ உடையில் ஜாவா மண்ணில் இறக்கிவிடப்பட்டிருந்த இந்தியச் சிப்பாய்கள், 1945 நவம்பரில் சுரபயா நகரில் இந்தோனேசிய இளைஞர்களோடு மோத வேண்டியிருந்தது. இந்தியாவில் நேரு உட்படப் பலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சிப்பாய்களில் சில நூறு பேர் எதிர்த் தரப்போடு போய்ச் சேர்ந்தார்கள். ஒரே நாட்டுக்காரர்கள்... ஒரு கை துப்பாக்கி பிடித்தது, இன்னொரு கை கப்பலைத் தடுத்தது!

அமெரிக்கக் கப்பலுக்கே அல்வா!

1946 நவம்பரில் லிங்கர்ஜாத்தி என்ற மலைக் கிராமத்தில் ஓர் உடன்பாடு எட்டப்பட்டது. ஜாவா, மதுரா, சுமத்ரா மூன்றிலும் குடியரசின் ஆட்சி நடைமுறையில் இருப்பதை நெதர்லாந்து ஒப்புக்கொண்டது. 'அப்பாடா, வியாபாரம் பண்ணலாம்' என்று பார்த்தால்... 1947 ஜனவரி கடைசியில் புது விதி! எஸ்டேட் பொருட்களை டச்சு லைசென்ஸ் இல்லாமல் ஏற்றுமதி பண்ணவே கூடாது.

இந்த விதிக்கு முதல் பெரிய 'டெஸ்ட் கேஸ்' ஒரு அமெரிக்கக் கப்பல். பெயர் 'மார்ட்டின் பெர்மன்'. மேற்கு ஜாவாவின் சிரபோன் துறைமுகத்தில் குடியரசிடம் ரப்பர் உள்ளிட்ட சரக்கை ஏற்றிக்கொண்டது. டச்சுக் கடற்படை கப்பலையே பிடித்து ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோய், சரக்கைப் பறிமுதல் செய்தது. கப்பல் கம்பெனி கூச்சல் போட்டது. ஆனா, வாஷிங்டன் அப்போது நெதர்லாந்தை விட்டுக்கொடுக்கிற மூடில் இல்லை. ஐரோப்பாவில் சோவியத் யூனியனை எதிர்க்க டச்சுக்காரர்கள் வேணுமே!

குடியரசுக்கு ஒரு பாடம் கிடைத்தது. வல்லரசின் கப்பல் வந்தால் மட்டும் போதாது, வல்லரசின் மனசும் வரணும். அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

டகோட்டாவில் வந்த ஒடியாக்காரர்

1947 ஜூலை 21. டச்சுப் படை முழு வேகத்தில் பாய்ந்தது. அந்தத் தாக்குதலுக்கு அவர்கள் வைத்த ரகசியப் பெயர் என்ன தெரியுமா? 'ஆபரேஷன் புராடக்ட்'. அதாவது 'விளைபொருள்'! எஸ்டேட்டுகளும் துறைமுகங்களும்தான் இலக்கு என்பதைப் பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டார்கள். வெளியில் மட்டும் அதற்கு 'போலீஸ் நடவடிக்கை' என்று பெயர்.

கடல் மூடியாச்சு, நிலமும் போகிறது. மிச்சம் இருந்தது வானம். உலகத்திடம் நியாயம் கேட்க ஷாரிர் வெளியே வந்தாகணும். யார் கூட்டி வருவது? நேருவின் வேண்டுகோளை ஏற்று டகோட்டா விமானத்தோடு கிளம்பினார் 31 வயது பிஜு பட்நாயக். 'கலிங்கா ஏர்லைன்ஸ்' முதலாளி, தானே பைலட், பின்னாளில் ஒடிஸா முதல்வர். டச்சு விமானங்கள் சுடக்கூடிய ஆகாயத்தில் பறந்து, ஜாவாவில் இறங்கி, ஷாரிரை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் வழியாக டெல்லி கொண்டுவந்து சேர்த்தார்!

எல்லா டகோட்டாவுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜூலை 29 காலையில், இந்தோனேசியாவின் பச்சைப்பிள்ளை விமானப் படையின் பயிற்சி மாணவர்கள் ஜப்பான்காரன் விட்டுப்போன பழைய விமானங்களை ஓட்டிப்போய் டச்சு முகாம்கள் மீது குண்டு போட்டுத் திரும்பினார்கள். உங்க வயசுப் பசங்க! அன்று மாலை, மலேயா செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மருந்துப் பெட்டிகளோடு சிங்கப்பூரில் இருந்து யோக்யகர்த்தாவை நோக்கி வந்துகொண்டிருந்தது கலிங்கா ஏர்லைன்ஸின் இன்னொரு டகோட்டா. தரை இறங்கும் நேரம் டச்சு விமானங்கள் சுட்டு வீழ்த்தின. உள்ளே இருந்தது ஒன்பது பேர். பிழைத்தது ஒரே ஒருத்தர். இறந்தவர்களில் ஆஸ்திரேலிய பைலட், அவர் மனைவி, ஆங்கிலேயத் துணை பைலட், ஒரு இந்திய இன்ஜினீயர், இந்தோனேசிய விமானப் படையின் முன்னோடிகள் என எல்லா நாட்டு ரத்தமும் இருந்தது. முற்றுகையை மீறிப் போன சரக்கு துப்பாக்கி இல்லை ஃப்ரெண்ட்ஸ்... மருந்து!

அடுத்த நாள், ஜூலை 30. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் விஷயத்தை ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு எடுத்துச் சென்றன. இந்தியா சுதந்திரம் அடைய இன்னும் பதினாறு நாள் இருந்தது! ஆகஸ்ட் 1-ம் தேதி, 'சண்டையை நிறுத்துங்க' என்று தீர்மானம் போட்டது பாதுகாப்பு சபை. ஆகஸ்ட் 14-ம் தேதி அதே சபையில் எழுந்து நின்று தன் நாட்டுக்காகப் பேசினார் 'குட்டி அண்ணன்' ஷாரிர். 'எங்க உள்நாட்டு விவகாரம்' என்று நெதர்லாந்து சொல்லிக்கொண்டிருந்த பிரச்னை, உலகப் பிரச்னை ஆனது அப்படித்தான்.

காகிதத்தில் சமாதானம், கடலில் பூட்டு

ஐ.நா. ஒரு மூவர் கமிட்டி போட்டது. நெதர்லாந்து தேர்வு செய்தது பெல்ஜியத்தை, குடியரசு தேர்வு செய்தது ஆஸ்திரேலியாவை, ரெண்டும் சேர்ந்து தேர்வு செய்தது அமெரிக்காவை. ஜகார்த்தா விரிகுடாவில் நின்ற 'ரென்வில்' என்ற அமெரிக்கப் போர்க் கப்பலில் வைத்து, 1948 ஜனவரி 17-ல் ஒப்பந்தம். குடியரசு, தான் இழந்த எஸ்டேட் பகுதிகளையும் முக்கியத் துறைமுகங்களையும் டச்சுக் கையிலேயே விட்டுவிட்டு, மத்திய ஜாவாவுக்குள் சுருங்கியது. பதிலுக்கு, வியாபாரம் சகஜ நிலைக்குத் திரும்பும் என்று எதிர்பார்த்தது.

திரும்பவில்லை. பூட்டு அப்படியே தொங்கியது. டச்சுப் பகுதியில் இருந்து அகதிகளும் வீரர்களும் வந்து குவிய, சின்னப் பிரதேசத்தில் பெரிய கூட்டம். துணிக்கும் மருந்துக்கும் பஞ்சம். 1948 ஜூலை 29-ல் பாதுகாப்பு சபை இன்னொரு தீர்மானம் போட்டது. ராணுவ ஷரத்துகளோடு சேர்த்துப் பொருளாதார ஷரத்துகளையும் ஒழுங்காகக் கடைப்பிடியுங்கள் என்று இரு தரப்புக்கும் சொன்னது. சொன்னதோடு சரி.

ராஜதந்திரம் தூங்கும்போது யார் விழித்திருப்பாங்க? கடத்தல்காரர்கள்தான்! ஒரு காலத்தில் டச்சுக் கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த ஜான் லீ என்ற சீன வம்சாவளி இந்தோனேசியர், 'தி அவுட்லா' என்ற வேகப் படகை ஓட்டிக்கொண்டு சுமத்ராவில் இருந்து சிங்கப்பூர், மலேயா பக்கம் பறப்பார். போகும்போது ரப்பர், வரும்போது ஆயுதம். ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு டச்சு ரோந்துக் கப்பல்களுக்கு நடுவில் நுழைந்து வெளியேறுகிற ஆள். கையில் எப்போதும் பைபிள்! 2009-ல் இந்தோனேசியா அவருக்கு 'தேசிய நாயகன்' பட்டம் கொடுத்தது.

எல்லாமே இப்படி ஹீரோ கதையாக இருந்துவிடவில்லை. வெளிநாட்டில் தூதர்களுக்குச் செலவழிக்க அந்நியச் செலாவணி இல்லாமல், ஓபியத்தைச் சிங்கப்பூருக்குக் கடத்தி விற்றது குடியரசு. வாசலை மூடினால் ஆள் ஜன்னல் வழியாகப் போவான். ஜன்னலையும் மூடினால் சாக்கடை வழியாகப் போவான். முற்றுகைகள் எப்போதும் செய்கிற வேலை அது.

அதற்கு நேர் எதிரான காட்சி ஆச்சேவில். 1948-ல் சுகார்னோ அங்கே போய், 'நமக்கு ஒரு விமானம் வேணும்' என்று கேட்டார். வியாபாரிகள் பணம் கொடுத்தார்கள், பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். வாங்கிய டகோட்டாவுக்கு 'செலாவா' என்று பெயர் வைத்தார்கள். ஆச்சே மொழியில் 'தங்க மலை'!

வானத்துக்கு மறு பூட்டு

1948 டிசம்பர் 19. டச்சுப் படை ரெண்டாவது முறை பாய்ந்தது. தலைநகர் யோக்யகர்த்தா விழுந்தது. சுகார்னோ, ஹட்டா, ஷாரிர் எல்லோரும் கைது. 'கதை முடிஞ்சுது' என்று ஹேக் நகரில் நினைத்தார்கள். இன்டர்வெல்தான் முடிந்திருந்தது!

இப்போது பூட்டு போடுகிற முறை ஆசியாவுடையது. ஆம்ஸ்டர்டாமில் இருந்து ஜகார்த்தா போகிற டச்சு விமானங்கள் வழியில் எண்ணெய் நிரப்ப இறங்கியாக வேண்டும். இந்தியா 'இங்கே இறங்காதே' என்றது. பாகிஸ்தானும் பர்மாவும் அதையே சொல்லின. சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத இலங்கை, படையும் போர்த் தளவாடமும் ஏற்றி வரும் டச்சுக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் தன் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் மூடியது. காஷ்மீரில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இந்தியாவும் பாகிஸ்தானும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் நின்றதைக் கவனிங்க!

1949 ஜனவரி 20 முதல் 23 வரை, நேரு கூட்டிய இந்தோனேசியா மாநாடு புது டெல்லியில் நடந்தது. ஆசிய, அரபு நாடுகளோடு எத்தியோப்பியாவும் ஆஸ்திரேலியாவும் வந்து உட்கார்ந்தன. தீர்மானம் வெறும் கண்டனக் கவிதை இல்லை, பக்கா 'டு டூ லிஸ்ட்'. தலைவர்களை விடுதலை செய், குடியரசின் வியாபாரத்துக்குப் போட்ட தடையை உடனே நீக்கு, 1950 ஜனவரி 1-க்குள் முழு ஆட்சியையும் ஒப்படை! அடுத்த ஐந்தே நாளில், ஜனவரி 28-ல், பாதுகாப்பு சபையும் தலைவர்களை விடுவித்து ஆட்சி மாற்றத்துக்குத் தேதி குறிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது.

இந்தச் சமயம் வாஷிங்டனின் மனசும் மாறியிருந்தது. காரணம் பாசம் இல்லை, கணக்கு! 1948 செப்டம்பரில் மடியூனில் நடந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சியைக் குடியரசு தானே அடக்கியது. 'இவங்களை நசுக்கினால் கம்யூனிஸ்டுகளுக்குத்தான் லாபம்' என்று அமெரிக்கா கணக்குப் போட்டது. டச்சுக் கிழக்கிந்தியாவுக்கான மார்ஷல் திட்ட நிதியை 1948 டிசம்பரிலேயே நிறுத்தியது. 1949 வசந்த காலத்தில், நெதர்லாந்துக்கான உதவியிலும் கை வைக்க நேரிடலாம் என்பதை டச்சு வெளியுறவு அமைச்சருக்குப் புரிய வைத்தது. ஊரை முற்றுகை போட்டவன் வீட்டு உலைக்கே முற்றுகை வரும் நிலை!

மே மாதம் உடன்பாடு. ஆகஸ்ட்டில் இருந்து நவம்பர் வரை ஹேக்கில் வட்ட மேஜை மாநாடு. 1949 டிசம்பர் 27-ல் ஆட்சி கைமாறியது. டெல்லி குறித்துக் கொடுத்த தேதிக்கு ஐந்து நாள் முன்பே!

பில் யார் தலையில்?

'ஹேப்பி எண்டிங்' என்று கைதட்டப் போகிறீர்களா? ஒரு நிமிஷம். மேற்கு நியூ கினி மட்டும் டச்சுக் கையிலேயே நின்றது. அதோடு காலனி அரசு வாங்கிய கடனில் 430 கோடி கில்டரை இந்தோனேசியா தன் தலையில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. முற்றுகையில் துணியில்லாமல் கிடந்த மக்களிடமே பழைய எஜமானனின் கடன் பில்லும் வந்து சேர்ந்தது! 1956-ல்தான் இந்தோனேசியா அந்த ஹேக் ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தது.

மன்னிப்புக்கு இன்னும் நிறைய வருஷம் ஆனது. போர்க்காலத்தில் டச்சுப் படை நடத்திய அத்துமீறல்களுக்காக 2022-ல் டச்சுப் பிரதமர் மார்க் ருட்டே மன்னிப்புக் கேட்டார். இந்தோனேசியாவின் சுதந்திர நாள் 1945 ஆகஸ்ட் 17-தான் என்று தன் அரசு முழுமையாக ஏற்பதாக அவர் நாடாளுமன்றத்தில் சொன்னது 2023-ல். 78 வருஷம்!

ஆனா, அரிசி மூட்டையை வாங்கியவர்களுக்கு அந்த அங்கீகாரம் 1946-லேயே தெரிந்திருந்தது. 1950 ஜனவரி 26... இந்தியாவின் முதல் குடியரசு தினம். சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? அதிபர் சுகார்னோ!

அடுத்த முறை டி.வி. செய்தியில் 'பொருளாதாரத் தடை', 'கடல் முற்றுகை' என்று ஓடினால், சேனலை மாற்றுவதற்கு முன் ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. பூட்டினது யார் என்பது முதல் கேள்வி. அந்தப் பக்கம் சாக்கு உடுத்தி நிற்கிறது யார் என்பது ரெண்டாவது கேள்வி. சிட்னியில் எஞ்சினை நிறுத்திய மாலுமிகளும் இந்த ரெண்டாவது கேள்வியில் இருந்துதான் ஆரம்பிச்சாங்க!

கொசுறு...

* சுட்டு வீழ்த்தப்பட்ட டகோட்டாவில் இறந்த மூன்று இந்தோனேசியர்களின் பெயரை யோக்யகர்த்தா, மலாங், சோலோ ஆகிய மூன்று ஊர்களின் விமான நிலையங்கள் தாங்கி நிற்கின்றன. ஜூலை 29, இந்தோனேசிய விமானப் படையின் அர்ப்பணிப்பு தினம்.

* 1948 டிசம்பரில் டச்சு தாக்கியபோது, ஆச்சே மக்களின் 'செலாவா' விமானம் பராமரிப்புக்காகக் கல்கத்தாவில் இருந்ததால் தப்பியது. 1949 ஜனவரி 26-ல் பர்மாவுக்குப் போய் வாடகை விமானமாகச் சம்பாதிக்க ஆரம்பித்தது. 'கருடா' விமான நிறுவனம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான்.

* பிஜு பட்நாயக்குக்கு 'பூமி புத்ரா' என்ற கௌரவத்தை அளித்தது இந்தோனேசியா. அதாவது, மண்ணின் மைந்தன்!